காற்று கிழக்கிலிருந்து, ஆட்டம் வடக்கு தெற்காக

"குறுக்கு விசை: புறக்கணிக்கத்தக்கது." ஒரு சிம்னிக்கான காற்று விசை அறிக்கையில் இருந்த இந்த வரி கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. குறுக்கு விசை என்றால், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் சிம்னியை இழுக்கும் விசை. தவறான வரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகவும் முடியவில்லை. அந்த அறிக்கைக்காகக் கணினியில் ஓட்டிய சிமுலேஷனில் குறுக்கு விசை உண்மையிலேயே பூஜ்யமாகத்தான் வந்திருந்தது. ரெசிடுவல்கள், அதாவது கணக்கில் மிஞ்சும் பிழைகள், எல்லாம் ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தன. காற்றுவெளியைச் சிறு சிறு செல்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை நெருக்கிப் பார்த்தும் விடை அசையவில்லை. சிவப்பிலிருந்து நீலம் வரை அழுத்தப் படங்கள் பளிச்சென்று இருந்தன. கேட்ட கேள்விக்கு ஸால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள், நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தது. ஆனால் அந்தப் பதிலை நம்பி சிம்னியை எழுப்பியிருந்தால், சில வருடங்களில் அதன் அடிப்பக்க வெல்டில் விரிசல் விட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வட சென்னைக் கடற்கரையோரம் இருக்கும் ஒரு ஆலைக்கான வேலை அது. 60 மீட்டர் உயரம், 3 மீட்டர் விட்டம், எஃகுச் சிம்னி. வெளியில் ஒரு ஆலோசனை நிறுவனம் சி.எஃப்.டி., அதாவது காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன், செய்து விசைகளைக் கொடுத்திருந்தது. அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஆலை நிர்வாகத்தின் நிலைப்பாடு ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தது: "சிமுலேஷன் பண்ணியாச்சு. அப்புறம் எதுக்கு விண்ட் டனலுக்குச் செலவு?" விண்ட் டனல் என்பது சுருக்கிய மாடலை நிறுத்திக் காற்றை விட்டு விசையை அளக்கும் காற்றுச் சுரங்கம். இந்தக் கேள்வியை நான் பல வருடங்களாகப் பல இடங்களில் கேட்டு வருகிறேன். கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. நானே சிமுலேஷன் செய்து பிழைப்பவள். அது எவ்வளவு தரும் என்று எனக்குத் தெரியும். எது தராது என்று சொல்லும் பொறுப்பும் அதனால்தான் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

8 டன்னா, 33 டன்னா

முதலில் நேர் விசையைப் பார்ப்போம், அதாவது காற்று வீசும் திசையிலேயே சிம்னியைத் தள்ளும் விசை. சென்னைக்கு நம் காற்றுச் சுமைத் தர விதி, ஐ.எஸ். 875 பாகம் 3, சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1500 நியூட்டன். சிம்னியின் முகப்புப் பரப்பு 180 சதுர மீட்டர். உயரத்தோடு வேகம் மாறுவதையும் நுனியில் நடப்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு எண்தான்: இழுவைக் கெழு. அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கி, அதை இந்த எண்ணாலும் பெருக்கினால் விசை. அது 1.2 என்றால் சிம்னி மீது மொத்தம் சுமார் 33 டன் விசை. 0.7 என்றால் 19 டன். 0.3 என்றால் 8 டன். அஸ்திவாரத்தின் அளவு, அடியில் போடும் போல்ட்டுகளின் தடிமன், தகட்டின் கனம் எல்லாம் இந்த ஒரு எண்ணில் தொங்குகின்றன.

மூன்று எண்களையும் நான் சும்மா எடுத்துப் போடவில்லை. ஒரே வழுவழுப்பான உருளைக்கு, காற்றின் வேகமும் உருளையின் விட்டமும் கூடக் கூட ஏறும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்து, இந்த மூன்றுமே உண்மை. சில பத்தாயிரங்களில் கெழு 1.2. மூன்று, நான்கு லட்சத்தைத் தாண்டும்போது சடாரென்று 0.3 வரை விழுகிறது. பிறகு மெதுவாக ஏறி, பல லட்சங்களைக் கடந்தால் 0.7 பக்கம் நிற்கிறது. காரணம் உருளையின் தோலை ஒட்டி ஓடும் மிக மெல்லிய எல்லை அடுக்கில் இருக்கிறது. அது அமைதியாக ஓடினால், முன்பக்கத்திலிருந்து சுமார் 80 பாகையிலேயே தோலை விட்டுப் பிரிந்துவிடும். பின்னால் அகலமான வெற்றுப் பகுதி, அதிக இழுவை. அதே அடுக்கு கொந்தளிப்பாக மாறிவிட்டால் வெளிக்காற்றிலிருந்து வலுவை வாங்கிக்கொண்டு 120 பாகை வரைகூட ஒட்டிக்கொண்டு போகும்; பின்னால் குறுகிய வால், குறைந்த இழுவை. கூர்மையான விளிம்புள்ள கட்டடத்தில் காற்று எங்கே பிரியும் என்பதை விளிம்பே தீர்மானித்துவிடுகிறது. உருளையில் அந்த இடத்தைக் காற்றே தேடிக்கொள்கிறது. அதனால்தான் பார்க்க இவ்வளவு எளிமையான வடிவம் கணிக்க இவ்வளவு கடினமாக இருக்கிறது.

பெரும்பாலான வேலைகளில் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிட நாம் எடுத்துப் போடும் டர்புலன்ஸ் மாடல்கள், காற்று உருளையைத் தொட்ட கணத்திலிருந்தே எல்லை அடுக்கு கொந்தளிப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கின்றன. ஒரு லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில் ஒரு குழாயை வைத்து ஓட்டினால், காற்று நிஜத்தைவிடத் தள்ளிப் பிரிந்து, இழுவை மிகக் குறைவாக வரும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. 180 கிலோமீட்டர் காற்றில் நம் சிம்னியின் ரெனால்ட்ஸ் எண் ஒரு கோடி. அங்கே இந்த அனுமானம் பெரிய பாவம் இல்லை. ஆனால் அங்கே வேறு சிக்கல். சுவரோரத்தை மாடலின் துணையின்றி முழுதாகப் பிடிக்க வேண்டுமென்றால், 3 மீட்டர் சிம்னியின் தோலில் முதல் மெஷ் அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கலாம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அப்படி யாரும் வழக்கமான வேலையில் செய்வதில்லை. சுவரோர ஓட்டத்தைத் தோராயமாகச் சொல்லும் வாய்பாடு ஒன்றைப் போட்டுக் கடந்துபோகிறோம். பிரியும் இடத்தை அதுவும் கொஞ்சம் நகர்த்தும்.

சரி, அப்படியானால் விண்ட் டனல்தான் சத்தியமா என்றால், அதுவும் இல்லை. இதை எப்போதும் நான் இரண்டு பக்கத்துக்கும் சொல்வேன். 1912-ல், எண்பது வயதை ஒட்டியிருந்த குஸ்தாவ் ஐஃபெல் பாரிஸில் தன் காற்றுச் சுரங்கத்தில் கோளங்களின் இழுவையை அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில், எல்லை அடுக்கு என்ற கருத்தைத் தந்த பிராண்டலின் ஆய்வுக்கூடம் அளந்த கெழுவில் பாதிகூட அது வரவில்லை. ஐஃபெல் கணக்கில் ஒரு 2-ஐ விட்டிருப்பார் என்றுகூட அங்கே ஒருவர் நினைத்தார். ஐஃபெல் விடவில்லை, வேகத்தை மாற்றி மாற்றி அளந்து, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இழுவை விழுந்துவிடுவதைக் காட்டினார். 1914-ல் பிராண்டல் ஒரு கோளத்தின் முன்பக்கத்தில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றினார். கம்பி எல்லை அடுக்கைக் கொந்தளிக்க வைத்தது, இழுவை குறைந்தது. தடங்கலைச் சேர்த்தால் எதிர்ப்பு குறைகிறது! இரண்டு கூடங்களும் சரியாகத்தான் அளந்திருந்தன. இரண்டும் வேறு வேறு நிலைமையை அளந்திருந்தன. இன்றைக்கும் நம் சிம்னியை 50-ல் ஒரு பங்காகச் சுருக்கி 6 சென்டிமீட்டர் மாடலாக டனலில் வைத்து, நொடிக்கு 20 மீட்டர் காற்றை விட்டால், ரெனால்ட்ஸ் எண் 80 ஆயிரம்தான். மாடல் தோலைச் சொரசொரப்பாக்கி ஈடுகட்டவில்லை என்றால், நிஜத்தில் ஒரு கோடியில் நிற்கும் சிம்னிக்குத் தவறான உலகத்தின் எண்ணைத்தான் அது கொடுக்கும்.

அந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை நேர் விசைக் கெழுவை மூன்று தசம இடங்களோடு தந்திருந்தது. எண் அபத்தமானதாக இல்லை, 0.7-க்குக் கொஞ்சம் கீழே. அதை நான் ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தேன், ஒரு பாதுகாப்பு இடைவெளியோடு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த வரிதான்.

பாதிச் சிம்னி

மெஷ் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முழுச் சிம்னி அங்கே இல்லை. நடுவில் ஒரு சிமெட்ரி தளத்தை வைத்து, பாதியை மட்டும் கணக்கிட்டிருந்தார்கள். செல்களின் எண்ணிக்கை பாதியாகும், நேரம் மிச்சம். கார், விமானம் போன்றவற்றில் இது தினசரி வழக்கம். போதாததற்கு, நேரத்தோடு எதுவும் மாறாது என்று வைத்துக்கொள்ளும் ஸ்டெடி கணக்கு. ஆனால் உருளைக்குப் பின்னால் காற்று என்ன செய்கிறது? வலப்பக்கம் ஒரு சுழல், பிறகு இடப்பக்கம் ஒரு சுழல், மறுபடி வலப்பக்கம். கார்மனின் பெயரால் அழைக்கப்படும் சுழல் வரிசை. ஒவ்வொரு சுழல் கழன்று போகும்போதும் உருளை ஒரு பக்கமாக இழுபடுகிறது, அடுத்த சுழலுக்கு மறுபக்கமாக. இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தால்தான் இந்த விசையே உண்டு. பாதியை வெட்டி, மறுபாதி இதன் அச்சு அசல் பிம்பம் என்று ஸால்வரிடம் சொல்லிவிட்டால், மாறி மாறி நடக்க வழியே கிடையாது. குறுக்கு விசை பூஜ்யம் என்பது அந்தக் கணக்கின் விடையே அல்ல. அது கணக்குக்குள் நாமே போட்ட உள்ளீடு.

சரி, முழுச் சிம்னியை வைத்தே ஓட்டினாலும், சராசரியை மட்டும் பார்த்தால் மறுபடி பூஜ்யம்தான் வரும். இந்தப் பக்கம் எவ்வளவு இழுத்ததோ அந்தப் பக்கமும் அவ்வளவு. சிம்னியை உடைக்கும் விசையின் சராசரி பூஜ்யம் என்பதை, தொழிலில் இல்லாத ஒருவருக்கு எப்படி விளக்குவது? கூட்டத்துக்கு முந்தைய நாளெல்லாம் எனக்கு இதே யோசனை. நிர்வாகத்தின் கண்ணில் நான் தேவையில்லாமல் செலவை இழுத்துவிடும் ஆள். அவர்கள் கையில் வண்ணப் படங்களோடு ஒரு தடிமனான அறிக்கை. என் கையில் ஒரு ஆட்சேபணை மட்டும்.

கூட்டத்தில் நான் பாதி மாடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த பராமரிப்பு ஃபோர்மேன் கையைத் தூக்கினார். ஆலையிலேயே வேலை செய்து தலை நரைத்தவர். பக்கத்தில் நிற்கும் பழைய சிம்னி அவர் பொறுப்பில்தான் இருந்தது. "மேடம், ஒண்ணு கேக்கலாமா? நம்ம பழைய சிம்னி வர்தா புயல்லகூட பெருசா ஒண்ணும் ஆகலை. ஆனா சும்மா ஒரே சீரா காத்தடிக்கிற நாள் இருக்கு பாருங்க, அப்பதான் ஆடும். அதுவும் காத்து கடல்லேர்ந்து வருது, ஆட்டம் வடக்கும் தெக்குமா இருக்கும். நாங்க அடி போல்ட்டை டைட் வெச்சிட்டே இருக்கோம். அது ஏன்னு இதுல போட்டிருக்காங்களா?"

அறையில் இருந்த எல்லோருக்கும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். கிழக்கிலிருந்து தள்ளினால் மேற்கே சாய வேண்டியது எப்படி வடக்கு தெற்காக ஆடும்? ஆலையின் தலைமைப் பொறியாளர் அறிக்கையை மறுபடி புரட்டினார். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் நல்ல பையன், புத்திசாலி. அவர் முகத்தில் புரிந்துகொண்டதற்கான அடையாளம் உடனே தெரிந்தது. "அந்த விசை எங்க மாடல்ல வரவே வராது சார்" என்று அவரே சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். நான் வாய்பாடுகளோடு சொல்ல வந்ததை ஃபோர்மேன் இரண்டு திசைகளை வைத்துச் சொல்லிவிட்டார். அவர் கொண்டு வந்தது அளவுக் கருவி இல்லாத அளவீடு, ஆனால் முழு அளவு சிம்னியில், நிஜக் காற்றில், வருடக்கணக்காக எடுத்தது. எந்த டனலும் எந்த ஸால்வரும் அதற்கு ஈடாகாது. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

மணிக்கு 43 கிலோமீட்டர்

சீரான காற்று என்று அவர் சொன்னதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றில் கம்பிகள் ரீங்கரிப்பதை ஆராய்ந்த செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-லேயே கண்டது இது: சுருதி காற்றின் வேகத்தோடு ஏறும், கம்பியின் தடிமனோடு இறங்கும். நொடிக்கு எத்தனை முறை சுழல் கழல்கிறது என்பதை விட்டத்தால் பெருக்கி, காற்றின் வேகத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும்; சிம்னிக்கு வழக்கமாக நாம் எடுத்துக்கொள்வது 0.2. புதிய சிம்னி தன் இயல்பில் நொடிக்கு 0.8 முறை ஆடும் என்று கட்டமைப்புக் கணக்கு சொன்னது. 3 மீட்டர் விட்டத்தில் சுழல்கள் அதே தாளத்தில் கழல, நொடிக்கு 12 மீட்டர் காற்று போதும். மணிக்கு 43 கிலோமீட்டர். புயலே வேண்டாம். 60 மீட்டர் உயரத்தில், கடற்கரையில், இது அபூர்வமான காற்றே இல்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தொட்டுவிடுவது போல ஒவ்வொரு சுழலும் சிம்னியை அதன் சொந்தத் தாளத்தில் தள்ளும். ஆட்டம் பெரிதானால் சிம்னியே சுழல்களைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்ளும். அப்புறம் காற்றின் வேகம் கொஞ்சம் மாறினாலும் பிடி விடாது. 180 கிலோமீட்டர் காற்றுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த 43-ஐ மறந்துவிடுகிறார்கள். நொடிக்கு 0.8 என்றால் மணிக்கு 2,880 முறை, ஒரு நாள் முழுக்க அப்படியே வீசினால் 69 ஆயிரத்துக்கும் மேல். எஃகு ஒரே அடியில் உடையாது. களைத்துப் போய் விரிசல் விடும்.

இங்கே இன்னொரு சங்கடம். நொடிக்கு 12 மீட்டரில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 24 லட்சம். 1961-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனடோல் ரோஷ்கோ, அழுத்தம் ஏற்றிய காற்றுச் சுரங்கத்தில் ஒரு பெரிய குழாயை வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனையில், 35 லட்சத்துக்கு மேல் சுழல்கள் மறுபடி ஒழுங்கான தாளத்துக்கு வருவதைக் கண்டார், விகிதம் 0.27 ஆக. அதற்குக் கீழே, இழுவை விழுந்த பிறகு உள்ள பகுதியில், தாளம் கலைந்து கிடக்கிறது. நம் சிம்னி சரியாக அந்தக் கலங்கலான இடத்தில் நிற்கிறது. துருவும் வெல்டு மேடுகளும் எல்லைகளை எந்தப் பக்கமும் நகர்த்தலாம். எனவே 0.2 என்பதே ஒரு முன்னெச்சரிக்கை எண்தான்.

முழுச் சிம்னியை வைத்து, பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, சுவரோரத்தை மட்டும் மாடலிடம் விடும் முறையில் அந்த இளைஞரும் நானும் சேர்ந்து மறுபடி ஓட்டினோம். சுழல்கள் வந்தன, குறுக்கு விசையும் வந்தது. ஆனால் அதன் அளவு, மெஷ்ஷையும் காற்று நுழையும் இடத்தில் கொடுத்த கொந்தளிப்பையும் பொறுத்து இரண்டு மடங்குக்கும் மேல் மாறியது. இது எங்களைச் சோர்வடையச் செய்யவில்லை. அறிக்கையில் அந்த முழு வீச்சையும் போட்டோம், எந்த அனுமானத்துக்கு எந்த எண் என்று. நிர்வாகத்தில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை; "ஒரே நம்பரா குடுங்க" என்றார். விமானத் துறையில் இதை வேறு மாதிரி பழகியிருக்கிறார்கள். 2001-ல் அமெரிக்க விமானவியல் கழகத்தின் முதல் இழுவைக் கணிப்புப் பட்டறையில், ஒரே இறக்கை உடல் வடிவத்தைப் பல குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். அந்தச் சிதறலை மறைக்காமல் வைத்ததால்தான் அடுத்தடுத்த பட்டறைகளில் முறைகள் தேறின. சிம்னி, விளம்பரப் பலகை, சோலார் தட்டு என்று நம் ஊரில் காற்று மோதும் பொருட்களுக்கும் இந்தப் பழக்கம் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். சிதறலைச் சொல்கிறவரைத் திறமை குறைந்தவராகப் பார்ப்பது நிற்க வேண்டும்.

பழைய சிம்னி பக்கத்திலேயே நிற்பதையும் முதல் அறிக்கை கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜில் 1965 நவம்பர் 1 அன்று எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று விழுந்தன, ஒவ்வொன்றும் 114 மீட்டர் உயரம். விழுந்தவை காற்றுக்கு எதிரே நின்ற முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல, அவற்றின் மறைவில் நின்றவை. கூட்டமாக நிற்கும்போது காற்று எப்படிக் கலங்கும் என்பதும், சராசரி வேகத்துக்கு மேல் வரும் குறுகிய வீச்சுகளும் வடிவமைப்பில் போதிய அளவு இடம் பெறவில்லை. காற்றை மறைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பாதுகாப்பு தருவார் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

முடிவில் சிம்னியின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருள் தகடுகள் வைப்பது என்று தீர்மானமானது. 1957-ல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் கொண்டு வந்த யோசனை. பல ஆலைச் சிம்னிகளின் தலையில் திருகு மாதிரி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று தகடுகள், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம், விட்டத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்துக்கு ஒரு சுற்று. உயரத்துக்கு உயரம் காற்று வேறு வேறு இடத்தில் பிரிவதால் சுழல்கள் ஒன்றாகச் சேர்ந்து இழுக்க முடியாது. ஆனால் இது இலவசம் இல்லை. தகடு வைத்த பகுதியில் இழுவைக் கெழு 0.7 பக்கம் நிற்காது, 1.2-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். மேல் பகுதியில் கூடும் விசை அடியில் பெரிய வளைவாக இறங்கும். 43 கிலோமீட்டர் காற்றிலிருந்து தப்ப, 180 கிலோமீட்டர் காற்றுக்கு அதிக விலை கொடுக்கிறோம். அஸ்திவாரமும் போல்ட்டுகளும் பெரிதாயின. அந்தச் செலவைப் பார்த்துத்தான் நிர்வாகம் டனல் சோதனைக்கு ஒப்புக்கொண்டது, தோலைச் சொரசொரப்பாக்கிய மாடலோடு, பக்கத்தில் பழைய சிம்னியின் மாடலையும் நிறுத்தி.

கடைசிக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் என்னிடம் கேட்டார்: "அப்போ அடுத்த தடவை சிமுலேஷனே வேண்டாமா மேடம்? நேரா டனலுக்கே போயிடலாமா?" வேண்டும் என்றுதான் சொன்னேன். தகடுகளை எந்த உயரத்திலிருந்து தொடங்குவது, பழைய சிம்னியிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது, எந்தத் திசைக் காற்றை டனலில் முதலில் பார்ப்பது, இதையெல்லாம் டனலில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கப் பணமும் போதாது, காலமும் போதாது. கணினி அதைச் சில வாரங்களில் சுருக்கித் தந்தது. அப்புறம் இன்னொன்றும் கேட்டேன்: புதிய சிம்னியின் உச்சியில் இரண்டு திசைகளுக்குமாக அதிர்வுமானிகள், பக்கத்தில் ஒரு காற்றுமானி. கட்டும்போதே பொருத்தினால் சாரம் கட்டும் செலவு இல்லை. அதைக் கவனிக்கும் பொறுப்பு ஃபோர்மேனிடம் போக வேண்டும் என்றும், மாதா மாதம் வரும் பதிவுகள் எங்களுக்கும் அந்த இளைஞரின் நிறுவனத்துக்கும் வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். அதிர்வுமானிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. பதிவுகளைப் பகிர்வதற்கு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.